முகத்தைக் கடைசியில் பாருங்கள்

பிரான்சில் அமியான் நகருக்கு வடக்கே வின்யகூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது சொம் போர்முனைக்குப் பின்னால் இருந்த ஊர். முனையில் நின்று களைத்த படைகள் இளைப்பாற அங்கே வந்தன. முனைக்குப் புறப்பட்ட படைகளும் அந்த வழியாகவே போயின. லூயி துயில்யே, அன்த்வானெத் துயில்யே என்ற விவசாயத் தம்பதி தங்கள் பண்ணை முற்றத்தில் வண்ணம் தீட்டிய ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, வந்த சிப்பாய்களைக் காசு வாங்கிக்கொண்டு படம் பிடித்தார்கள். படத்தைத் தபால் அட்டையாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். சிப்பாய் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முனைக்குப் போனார். பலர் திரும்பவில்லை. கண்ணாடி நெகட்டிவ்கள் மட்டும் பெட்டிகளில் அடுக்கப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போயின.

2011-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக் குழு ஒன்று அந்தப் பரணில் ஏறியது. ஏறத்தாழ 4,000 கண்ணாடித் தகடுகள் அங்கே தூசி படிந்து கிடந்தன. ஆஸ்திரேலியர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர், இந்தியர், சீனத் தொழிலாளர் என்று எல்லாரும் அதே திரைச்சீலைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஆஸ்திரேலியர்கள் இருந்த தகடுகளில் சுமார் 800 கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெயர்கள்தான் இல்லை. சிரிப்பவர், சிகரெட் பிடிப்பவர், நண்பர் தோளில் கைபோட்டவர் என்று நூற்றுக்கணக்கான பேர் இருந்தார்கள். யார் எவர் என்று சொல்ல யாரும் இல்லை.

இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது முகத்தைப் பார்ப்பதுதான். மூக்கு தாத்தாவுடையது, தாடை பெரியப்பாவுடையது என்று பேச்சு தொடங்கிவிடும். பழைய ராணுவப் படங்களை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. படம் எந்தத் தகட்டில் எடுக்கப்பட்டது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு துணி, பித்தான், பட்டை, தொப்பி. அதன்பின் அட்டையின் முதுகு. முகம் எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த வரிசைதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் தகட்டிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்து நெகட்டிவ், நம் கண் பார்த்ததைப் பார்க்கவில்லை. தகட்டின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு. அதன் துகள் ஒன்றில் ஒளி பட்டு வேதி மாற்றம் தொடங்க வேண்டுமானால், அந்த ஒளித்துகளுக்குப் போதிய ஆற்றல் வேண்டும். ஊதா, நீல ஒளிக்கு அது உண்டு. சிவப்பு ஒளிக்கு இல்லை. எவ்வளவு நேரம் சிவப்பொளி பட்டாலும் அந்தத் துகள் அசையாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தகட்டைக் கழுவ முடிந்ததும் இதனால்தான். 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சை ஒளிக்கும் அசையும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்த தகடுகளுக்கு ஆர்த்தோகுரோமேட்டிக் என்று பெயர். அவையும் சிவப்புக்குக் குருடுதான். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906 வாக்கிலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றை முழு இருட்டில் கழுவ வேண்டும். ஆகவே ஊர்ப்புற ஸ்டூடியோக்காரர்கள் இன்னும் பல ஆண்டுகள் பழைய வகையை விடவில்லை.

விளைவு என்ன? சிவப்பு கருப்பாக விழும். நீலம் வெளுத்துப் போகும். மஞ்சள் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கருத்து விழும். இதை அறியாமல் ஒரு ராணுவப் படத்தைப் படிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு அடியிலும் வழுக்கும்.

1914 ஆகஸ்டில் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனது. அந்தக் கால்சட்டை படத்தில் கிட்டத்தட்டக் கருப்பு. மறு ஆண்டு அவர்களுக்கு வெளிர்நீலச் சீருடை வந்தது. அது படத்தில் சாம்பல் கலந்த வெள்ளை. படத்தை மட்டும் பார்க்கிறவர், கருப்பு உடையிலிருந்து வெள்ளை உடைக்கு மாறினார்கள் என்றே எழுதுவார். பிரிட்டனில் காயம்பட்டு மருத்துவமனையில் தேறிவந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு ஒரு தனி உடை இருந்தது. நீல நிறக் கோட்டு, வெள்ளைக் காலர் மடிப்பு, சிவப்புக் கழுத்துப்பட்டை. படத்தில் கோட்டு வெளிறியும் கழுத்துப்பட்டை கருத்தும் நிற்கும். இது என்ன சீருடை என்று புரியாமல், சிறைக்கைதியோ, பாண்டு வாத்தியக்காரரோ என்று குடும்பங்கள் குழம்பியது உண்டு. நிறம் தெரிந்த கணத்தில் படத்தின் பொருளே மாறுகிறது: இவர் காயம்பட்டவர், இது பிரிட்டன், இவர் அதிகாரி இல்லை.

முகமும் இதற்குத் தப்பவில்லை. நீலக் கண்கள் அந்தத் தகட்டில் பாவையைச் சுற்றி வெளுத்துப்போய், விழித்துப் பார்க்கிற மாதிரி தெரியும். வெயிலில் சிவந்த கன்னம் கருக்கும். வெளிர் மீசை மறையும், செம்பட்டை மீசை கருமீசையாகும். முகத்தை முதலில் பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வின்யகூர் தகடுகளுக்கு வருவோம். ஆஸ்திரேலியப் படையினர் சட்டைக்கையின் மேற்புறத்தில் ஒரு சின்னத் துணித்துண்டைத் தைத்திருந்தார்கள். அதன் வடிவம் டிவிஷனைச் சொல்லும். முதல் டிவிஷனுக்குப் படுக்கைவாட்டுச் செவ்வகம், இரண்டாவதுக்கு வைர வடிவம், மூன்றாவதுக்கு நீள்வட்டம், ஐந்தாவதுக்குச் செங்குத்துச் செவ்வகம். துண்டின் நிறங்கள் பிரிகேடையும் பட்டாலியனையும் சொல்லும். முதல் டிவிஷனில் கீழ்ப்பாதி பச்சை என்றால் முதல் பிரிகேடு, சிவப்பு என்றால் இரண்டாவது, வெளிர்நீலம் என்றால் மூன்றாவது. மேல்பாதி கருப்பு, ஊதா, பழுப்பு, வெள்ளை என்ற வரிசையில் பட்டாலியனைக் காட்டும். கருப்புக்குக் கீழே பச்சை இருந்தால் 1-ஆம் பட்டாலியன். கருப்புக்குக் கீழே சிவப்பு இருந்தால் 5. கருப்புக்குக் கீழே வெளிர்நீலம் இருந்தால் 9. எழுத்தே இல்லாமல் ஒரு மனிதரை ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிற ஏற்பாடு இது.

இதைச் சிவப்பு தெரியாத தகட்டில் போட்டுப் பாருங்கள். 5-ஆம் பட்டாலியனின் துண்டு கருப்பும் கருப்பும். கோடு இருந்ததா என்றே தெரியாது. 9-ஆம் பட்டாலியனுடையது பளிச்சென்று இரண்டாகப் பிரியும். மேலே கருப்பு, கீழே ஏறக்குறைய வெள்ளை. 12-ஆம் பட்டாலியனுக்கு வெள்ளையும் வெளிர்நீலமும். இரண்டும் ஒன்றாகி ஒரே வெள்ளைத் துண்டு மாதிரி தெரியும். 14-ஆம் பட்டாலியனுக்கு மஞ்சளும் கருநீலமும். கண்ணுக்கு மஞ்சள்தான் வெளிச்சமான நிறம். தகட்டில் அந்த வேறுபாடு மங்கலாம், தலைகீழாகவும் ஆகலாம். வடிவத்தை நம்பலாம், நிறத்தைச் சும்மா நம்பக் கூடாது. தகட்டில் விழுந்த சாம்பல் அளவை எடுத்துக்கொண்டு, எந்தெந்த நிறச் சோடி இப்படி விழுந்திருக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். விடை சில சமயம் ஒரு பட்டாலியனாக வரும், சில சமயம் மூன்றாக வரும். மூன்று என்றால் மூன்று என்றே எழுதிவைப்பதுதான் நேர்மை.

நிறத்தைவிடக் கெட்டியான சான்று தேதி உள்ள பொருள்கள். சீருடையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் அரசாணையால் பிறந்தது. பிரிட்டிஷ் படையில் காயம்பட்டதற்கான அடையாளம், இடது முன்கையில் செங்குத்தாகத் தைத்த ஒரு சிறு பட்டை. 1916 ஜூலையில்தான் அது நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்து சேவை செய்த ஆண்டுகளைக் காட்டும் சிறு அம்புமுனைப் பட்டைகள் வலது முன்கையில், 1918 தொடக்கத்திலிருந்து. ஆக, இரண்டும் உள்ள ஒரு படம் 1918-க்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது. தட்டு மாதிரி விளிம்புள்ள எஃகுத் தொப்பி இருந்தால் 1915 கடைசிக்குப் பிறகு. குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் தொப்பிச் சின்னமாக இருந்தால், இயந்திரத் துப்பாக்கிப் படை உருவான 1915 அக்டோபருக்குப் பிறகு.

இந்தத் தேதிகள் ஒரு பக்கம்தான் வேலி போடும். மறுபக்கத்து வேலி எப்போதும் பலவீனமானது. புதிய பொருள் வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை யாரும் உடனே எரித்துவிடவில்லை. கிடங்கில் இருந்த பழைய கோட்டுகள் தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைக்கோடி முகாமில் இருந்தவருக்குப் புதுத் தொப்பி கிடைக்க ஓராண்டு ஆகும். ‘இதற்கு முன் இல்லை’ என்று துணிந்து சொல்லலாம். ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்ல இன்னும் இரண்டு சான்றாவது வேண்டும்.

இடமா வலமா என்பதும் பெரிய விஷயம். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் காயப்பட்டை இடது கையில். பிரெஞ்சுச் சிப்பாய்க்கு அது வலது கையில், போர்முனையில் இருந்த காலத்தைக் காட்டுவது இடது கையில். படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் எல்லாம் குழம்பும். டகரோடைப், தகரத்தில் எடுத்த டின்டைப் போன்ற பழைய வகைகளில் நெகட்டிவே கிடையாது. காமிராவுக்குள் போன தகடே படம். அதனால் அவற்றில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித்தான் விழும். அமெரிக்கக் கொள்ளைக்காரர் பில்லி த கிட் இடதுகைக்காரர் என்று பல தலைமுறை நம்பியது இப்படி ஒரு டின்டைப்பைப் பார்த்துத்தான். அந்த நம்பிக்கையில் 1958-இல் ஒரு சினிமாவே வந்தது. ஆனால் அவர் கையில் இருந்த 1873 மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கியில் குண்டு நுழைக்கும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். படத்தில் அது இடப்பக்கம் தெரிந்தது. துப்பாக்கி உண்மையைச் சொல்லிவிட்டது. ராணுவப் படத்தில் இதைச் சோதிக்க வழி உண்டு. ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். பதக்கங்கள் இடது மார்பில். வாள் இடது இடுப்பில். துப்பாக்கியின் தாழ்ப்பாள் கைப்பிடி வலப்பக்கம். இவை மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

அட்டையின் முதுகைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியதைப் பிய்த்து, முதுகைக் கிழித்துவிட்டவர்களும் உண்டு. முதலில் பூதக்கண்ணாடியில் முன்பக்கத்தைப் பாருங்கள். சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த அட்டை. அதன் கீழுள்ள விளக்க வரி விற்பனைக்காகவோ பிரச்சாரத்துக்காகவோ எழுதப்பட்டது, சான்று ஆகாது. புள்ளி இல்லாமல் இழைந்திருந்தால், போட்டோத் தாளில் நேராகப் பதிந்த அசல் படம். முதுகு நடுக்கோட்டால் பிரிந்து, ஒரு பாதி செய்திக்கும் ஒரு பாதி முகவரிக்கும் என்றிருந்தால், அது பிரிட்டனில் 1902-க்கும் ஜெர்மனியில் 1905-க்கும் அமெரிக்காவில் 1907-க்கும் பிந்தியது. ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அங்கே எந்தப் படை எப்போது தங்கியது என்று ஆவணத்தில் பார்க்கலாம். ஜெர்மன் சிப்பாய்கள் போர்முனை அஞ்சலில் அட்டைகளை இலவசமாக அனுப்பியதால் பல அட்டைகளில் படைப்பிரிவின் முத்திரையே விழுந்திருக்கும்.

வின்யகூரில் அந்தத் திரைச்சீலையே ஒரு முத்திரையாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் குடும்ப ஆல்பங்களில் ‘எங்கோ பிரான்சில்’ என்று மட்டும் எழுதியிருந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தவர்கள், பின்னணியில் அதே ஓவியத்தைக் கண்டார்கள். பெயர் தெரிந்த அட்டை வீட்டில் இருந்தது, பெயர் தெரியாத தகடு பரணில் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது அந்த மனிதருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. இங்கே முகம் உதவியது உண்மைதான். ஆனால் திரைச்சீலையும் சட்டைக்கைத் துண்டும் தேடும் இடத்தைச் சுருக்கிக் கொடுத்த பிறகே உதவியது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டூடியோவுக்கு வந்த சிப்பாய் எப்போதும் தன் உடையில்தான் நின்றார் என்று சொல்ல முடியாது. தோழர்கள் தொப்பிகளை மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டூடியோக்காரர்கள் வாளும் துப்பாக்கியும் வாடகைப் பொருளாக வைத்திருந்தார்கள். போர்க்களப் படத்திலேயே ஏற்பாடு நடந்திருக்கிறது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்கில் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு எடுத்த புகழ்பெற்ற படத்தில் பாறை மறைவில் கிடக்கும் தெற்குப்படைச் சிப்பாயின் உடல், வேறு இடத்திலிருந்து தூக்கிவந்து கிடத்தப்பட்டது என்று வரலாற்றாசிரியர் வில்லியம் ஃப்ரசனிட்டோ 1970-களில் நிறுவினார். அதே உடல் வேறொரு இடத்தில் கிடக்கும் படங்களும் இருந்தன. பாறைகளை நேரில் போய் ஒப்பிட்டு, எது எங்கே என்று அவர் கண்டுபிடித்தார். கையில் இருக்கும் பொருள் எளிதில் மாறும். உடையோடு தைத்தது அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே துப்பாக்கிக்கு ஒரு மதிப்பெண் என்றால் சட்டைக்கைப் பட்டைக்குப் பத்து.

முகத்தையும் நினைவையும் நம்பியதால் எவ்வளவு பெரிய தவறு நடக்கும் என்பதற்கு, உலகில் மிக அதிகம் பார்க்கப்பட்ட போர்ப்படங்களில் ஒன்றே சாட்சி. 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையுச்சியில் ஆறு பேர் அமெரிக்கக் கொடியை நட்டதை ஜோ ரோசந்தால் படம் பிடித்தார். ஆறு பேரின் முகங்களும் ஏறக்குறைய மறைந்தே இருந்தன. ஆனாலும் ஆறு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதில் மூன்று பேர் அதே தீவில் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த மூவர் நாடு முழுக்க அழைத்துச் செல்லப்பட்டுப் போர்க்கடன் பத்திரம் விற்க உதவினார்கள். பிறகு அந்தப் படமே வெண்கலச் சிலையாயிற்று.

கொடிக்கம்பத்தின் அடியில் குனிந்து நிற்பவர் ஹாங்க் ஹான்சன் என்று சொல்லப்பட்டது. உயிர்தப்பியவர்களில் ஒருவரான ஐரா ஹேய்ஸ், அது ஹார்லன் பிளாக் என்று சொல்லியும் அப்போது எடுபடவில்லை. டெக்சாஸில் இருந்த பிளாக்கின் தாய், செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்ததுமே, முகமே தெரியாத அந்த முதுகைக் காட்டி, அது தன் மகன் என்று சொல்லியிருந்தார். 1947 ஜனவரியில் கடற்படைக் காலாட்படை அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டது.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அறுபதாண்டுகளுக்கு மேல் கழித்து, அயர்லாந்தில் ஸ்டீபன் ஃபோலி என்பவரும் அமெரிக்காவின் ஒமாகாவில் எரிக் கிரெல் என்பவரும் அதே நாளில் அதே மலையுச்சியில் எடுத்த மற்றப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இருவரும் தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அல்ல, சொந்த ஆர்வத்தில் செய்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்சட்டையைப் பார்த்தார்கள். ஜான் பிராட்லி என்ற மருத்துவ உதவியாளர் அன்று எடுத்த மற்றப் படங்களில் கால்சட்டையின் ஓரத்தை மடித்துவிட்டிருந்தார். கொடிப் படத்தில் ‘பிராட்லி’ என்று குறிக்கப்பட்டவரின் கால்சட்டை மடிக்கப்படவில்லை. அவர் இடுப்பில் தோட்டாப் பைகள் இருந்தன, கம்பி வெட்டும் குறடு தொங்கியது. பிராட்லியின் இடுப்பிலோ மருந்துப் பைகள். எஃகுத் தொப்பிக்கு அடியில் அவர் அணிந்திருந்த துணித்தொப்பியும் பிராட்லியிடம் இல்லை.

2016 ஜூனில், பிராட்லி அந்தப் படத்தில் இல்லை என்று கடற்படைக் காலாட்படை அறிவித்தது. அன்று காலை நடப்பட்ட முதல் கொடியில் அவருக்குப் பங்கு இருந்தது, இந்தப் படம் இரண்டாவது கொடியுடையது. ஆறாவது ஆள் ஹரால்டு ஷுல்ட்ஸ். தொப்பியின் அறுந்த வார் இடப்பக்கம் தொங்கியதும், துப்பாக்கியின் தோள்வாரை வழக்கமான வளையத்தில் மாட்டாமல் வேறு இடத்தில் மாட்டியிருந்ததும் அவரைக் காட்டிக்கொடுத்தன. அவர் லாஸ் ஏஞ்சலிஸில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து, 1995-இல் இறந்துவிட்டிருந்தார். 2019 அக்டோபரில் இன்னொரு திருத்தம் வந்தது. ரெனே கேக்னன் என்று நம்பப்பட்டவர் உண்மையில் ஹரால்டு கெல்லர். விரலில் இருந்த திருமண மோதிரம் முக்கியச் சான்றுகளில் ஒன்று. வாழ்ந்த காலத்தில் ஷுல்ட்ஸும் கெல்லரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு பெயரில் மூன்று தவறு. எழுபத்துநான்கு ஆண்டு ஆயிற்று முழுதும் திருந்த. மடிக்காத கால்சட்டையும் அறுந்த வாரும் முதல் நாளிலிருந்தே படத்தில் இருந்தன. அவற்றைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேதனை.

இன்று முகத்தை ஒப்பிடும் வேலையைக் கணினி செய்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்களுக்காக வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கர்ட் லூதர் குழுவினர் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட ஏற்பாடு நல்ல முறையில் அமைந்தது. முதலில் சீருடையின் விவரங்களைக் குறிக்கச் சொல்லும். அதைக் கொண்டு ஆட்களை வடிகட்டும். அதன்பிறகே முகங்களை ஒப்பிட்டுச் சிலரை முன்வைக்கும். முடிவு மனிதர் கையில். மாறாக, பழைய படத்துக்குத் தானாக வண்ணம் பூசித் தரும் செயலிகள் எனக்குக் கவலை தருகின்றன. அவை சாம்பல் அளவைப் பார்த்து நிறத்தை ஊகிக்கின்றன. சிவப்பே தெரியாத தகட்டில் கருப்பாக விழுந்ததைக் கருப்பாகவே பூசிவிடும், வெளுத்த நீலத்தை வெள்ளையாக்கிவிடும். மங்கலைத் தெளிவாக்கித் தருகிறேன் என்பவை இன்னும் மோசம். தொப்பிச் சின்னத்தில் இல்லாத கோடுகளைத் தாமே வரைந்து சேர்க்கின்றன. படம் அழகாகும், சான்று செத்துவிடும். அசலை ஸ்கேன் செய்து தனியே வைத்துவிட்டு, விளையாட்டை நகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களும் ஏராளம். காக்கிச் சட்டையில் நாற்காலிக்குப் பக்கத்தில் விறைத்து நிற்கும் ஒருவர் படம் பல தமிழ் வீடுகளின் சுவரில் இன்றும் தொங்குகிறது. ‘பட்டாளத்துத் தாத்தா’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் படங்களுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 1940-களில் சாதாரண ஸ்டூடியோக்களிலும் பெட்டிக் காமிராக்களிலும் ஆர்த்தோ பிலிம் நன்றாகவே புழங்கியது. பரவலாக விற்ற கோடாக் வெரிகுரோம் பிலிமே 1956 வரை சிவப்பு தெரியாத வகைதான். இந்தியாவின் 4-ஆம் டிவிஷனின் சின்னம் கருப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு. 5-ஆம் டிவிஷனுடையது கருப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். அந்த பிலிமில் இரண்டும் வெறும் கருப்புச் சதுரமாகத் தெரியும். தோளுக்குக் கீழே எதுவும் எழுதாத ஒரு கருந்துண்டு இருந்தால், அதில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்து, நிழற்பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிப் பாருங்கள். கழுகின் சிறகு மங்கலாக எழுந்தால், அவர் வட ஆப்பிரிக்காவிலோ இத்தாலியிலோ இருந்திருக்கக்கூடும் என்ற பாதை திறக்கும். வட்டம் எழுந்தால் பாதை பர்மாவரை போகும்.

மார்பில் உள்ள ரிப்பன்களும் அப்படியே. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பன், நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு. படத்தில் சிவப்பும் ஆரஞ்சும் கருக்கும், கருநீலம் அவற்றைவிட வெளிறக்கூடும். ஆப்பிரிக்க நட்சத்திரத்தில் வெளிர்மணல் நிறத்தின் நடுவே ஒரு கருங்கோடு தெரிந்தால் அதுதான் அந்தச் சிவப்பு. ஆப்பிரிக்க நட்சத்திரம் 1943-லும் பர்மா நட்சத்திரம் 1945-லும் ஏற்படுத்தப்பட்டவை. ரிப்பன் எதுவோ, படம் அந்த ஆண்டுக்குப் பிந்தியது.

முதல் உலகப் போர்க் காலத்துப் படம் என்றால் தோளில் உள்ள பித்தளை எண்ணைப் பாருங்கள். 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கு எண் மாற்றியபோது சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூடிற்று. மூன்றாவது பாளையங்கோட்டைப் படை 63 ஆனது, இருபத்துமூன்றாவது வாலாஜாபாத் படை 83 ஆனது. 1922-இல் அந்த எண்களும் போயின. தோளில் 63 என்றிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் படம். அந்தப் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. 1920-களில் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1941-இல்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் திரட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்துத் தமிழ்ச் சிப்பாய் படம் என்று சொல்லப்பட்டால், அவர் பொறியியல் வேலை பார்க்கும் சாப்பர் படையிலோ வேறு துணைப்படையிலோ இருந்தாரா என்று முதலில் பார்க்க வேண்டும். சின்னத்தில் கிரீடம் இருந்தால் 1950-க்கு முற்பட்ட சின்னம். அசோகச் சிங்கங்கள் இருந்தால் குடியரசுக்குப் பிந்தியது. சட்டைக்கையில் மூன்று பட்டை ஹவில்தார், இரண்டு நாயக், ஒன்று லான்ஸ் நாயக். தோளில் ஒரு நட்சத்திரம் இருந்தால் வீட்டில் எல்லாரும் ‘லெப்டினென்ட்’ என்பார்கள். அன்று ஜமேதாருக்கும் ஒரு நட்சத்திரம்தான், சுபேதாருக்கு இரண்டு.

படத்தை ஸ்கேன் செய்யும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செய்யுங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள், அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். எந்தக் கையில் எது இருக்கிறது என்று அணிந்தவரின் இடம் வலம் கணக்கில் எழுதிவையுங்கள். பிறகு பாட்டியின் தகரப்பெட்டியில் பதக்கம் ஏதேனும் கிடக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் ஆட்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தது. இந்தியாவிலோ பெரும்பாலும் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரத்தின் பின்பக்கம் பாருங்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பித்தளைப் பாலீஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தாலே எழுத்துகள் எழும்பித் தெரியும். அந்த எண்ணையும் படைப்பிரிவின் பெயரையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் உள்ள பட்டையும் ரிப்பனும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், மூக்கு யாருடையது என்ற பேச்சை அப்போது தொடங்கலாம்.